ஊரை விட்டு விலகி, ஆற்றங்கரையில் ஓர் அறை!

லிஸ்பன் நகருக்குப் போகிறவர் எங்கே தங்கலாம்?

வெளியூர் போகிறவருக்கு முதல் கவலை சாப்பாடு அல்ல, படுக்கை. "எங்கே தங்குவது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், பாதிப் பிரயாணம் முடிந்த மாதிரி.

நம் நாட்டில் இதற்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மதுரைக்குப் போனால் கோபுரம் தெரிகிற இடத்தில் தங்கவேண்டும். கும்பகோணம் போனால் மகாமகக் குளத்துப் பக்கம். காசிக்குப் போனால் கங்கைப் படித்துறைக்கு அருகில். ஊருக்கு எது நடுநாயகமோ, அதன் நிழலில் மூட்டையை இறக்கி வைப்பதுதான் முறை. "ஊருக்கு வெளியே தங்கினேன்" என்று யாராவது சொன்னால், "ஏன், உள்ளே இடம் கிடைக்கவில்லையா?" என்று இரக்கத்தோடு கேட்போம்.

இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிய ஊர்கள் உலகில் சில உண்டு. அவற்றில் ஒன்று, போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரமான லிஸ்பன்.

அங்கே வசதி படைத்த உல்லாசப் பயணிகள் பலர், பழைய ஊரை விட்டு ஏழு, எட்டு கிலோ மீட்டர் விலகிப்போய்த் தங்குகிறார்கள். ஆற்றங்கரையில் புதிதாக முளைத்த பேட்டை அது. கண்ணாடியும் உருக்கும் கொண்டு எழுப்பிய ஓட்டல்கள் அங்கே நிற்கின்றன. நூற்றுக்கணக்கான ஆண்டுப் பெருமை உள்ள ஊரைப் பார்க்கப் போகிறவர்கள், நேற்றுக் கட்டிய கட்டடத்தில் ஏன் படுக்கிறார்கள்? அதனால் கிடைப்பது என்ன? இழப்பது என்ன?

ஏழு குன்றுகளின் ஊர்

லிஸ்பனை "ஏழு குன்றுகளின் ஊர்" என்பார்கள். தேஜோ என்ற பெரிய ஆறு, அட்லாண்டிக் கடலில் கலப்பதற்கு முன் விரிந்து படுத்திருக்கிறது. அதன் வட கரையில் குன்றுகள் எழுகின்றன. குன்றுகளின் மேல் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன.

பழைய ஊரில் மிகப் பழைய பகுதிக்கு அல்பாமா என்று பெயர். அரபு மொழிப் பெயர் அது. வெந்நீர் ஊற்று என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. அரபு மக்கள் ஆண்ட காலத்தின் அடையாளம். அங்கே தெரு என்பது கிடையாது, சந்துதான். சந்து என்பதும் பாதி இடங்களில் படிக்கட்டுதான். இருவர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். மேலே, வீட்டுக்கு வீடு துணி உலர்கிறது. கீழே மீன் வறுபடும் வாசனை. இரவானால் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து "பாடோ" என்ற சோக கீதம் மிதந்து வரும். அந்த இசையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2011-ல் மனித குலத்தின் பொதுச் சொத்துகளில் ஒன்றாக அறிவித்தது.

இதைக் காணத்தான் உலகம் லிஸ்பனுக்கு ஓடுகிறது. இதன் நடுவிலேயே தங்கவேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கை. ஆனால், ஆசைக்கும் அசௌகரியத்துக்கும் நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது!

முழங்கால் கணக்கு

பழைய லிஸ்பனில் நடைபாதைகளுக்குச் சிமெண்டு போடவில்லை. சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களையும் கறுப்புக் கற்களையும் கையால் பதித்து, கோலம் போட்டதுபோல் அமைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அவை கண்ணாடிபோல் ஆகியிருக்கின்றன. ஒரு தூறல் விழுந்தால் போதும், வழுக்கும்.

வாலிபர்களுக்கு இது விளையாட்டு. அறுபது வயதைத் தாண்டிய அப்பாவையும், மூட்டு வலிக்கார அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறவருக்கு இது விளையாட்டு அல்ல. வாடகைக் கார் பல சந்துகளுக்குள் நுழையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறவேண்டும். ஏறிய பிறகு, வீட்டுக்குள் இன்னும் மூன்று மாடி. பழைய வீடுகள் பலவற்றில் லிப்டு கிடையாது.

ஆகவே, தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது படத்தை அல்ல, கூட வருகிறவரின் முழங்காலை!

ஆற்றங்கரைப் புதுப் பேட்டையில் இந்தத் தொல்லை இல்லை. தரை சமம். சாலை அகலம். ஓட்டல் வாசலிலேயே வண்டி நிற்கும். சக்கர நாற்காலியைத் தடையின்றி உருட்டிக்கொண்டு போகலாம். மாலையில் ஆற்றோரமாகக் கிலோ மீட்டர் கணக்கில் நடக்கலாம். ஒரு மேடும் குறுக்கே வராது.

குப்பை மேடு பூங்காவான கதை

அந்தப் புதுப் பேட்டையின் பெயர் "பார்க் தாஸ் நசோயிஸ்". "நாடுகளின் பூங்கா" என்று பொருள். பெயர் அழகாக இருக்கிறது. ஆனால், முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்க முடியும்.

1940-களில் அங்கே ஒரு விமானத் துறை இருந்தது. தண்ணீரில் இறங்கும் கடல் விமானங்கள் அங்கே வந்து போயின. இரண்டாவது உலகப் போரின்போது, நாஜிகளுக்குத் தப்பி லிஸ்பனுக்கு ஓடிவந்த அகதிகளில் பணமும் அதிர்ஷ்டமும் உள்ளவர்கள், அந்த விமானங்களில் ஏறி அமெரிக்கா போனார்கள்.

பிறகு கடல் விமானங்களின் காலம் முடிந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. ஆடுமாடு வெட்டும் இடம் வந்தது. ராணுவக் கிடங்கு வந்தது. கடைசியில் ஊர்க் குப்பையும் வந்து சேர்ந்தது. ஆறு இருந்தும், ஆற்றைப் பார்க்க வழி இல்லாத இடமாக அது கிடந்தது.

அதற்கு விடிவு 1998-ல் வந்தது. வாஸ்கோ ட காமா கடல் வழியாக இந்தியாவுக்கு வந்து 500 ஆண்டு நிறைவதையொட்டி, லிஸ்பனில் உலகக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டார்கள். கடல்கள் என்பதே கண்காட்சியின் கரு. அதை எங்கே நடத்துவது? பழைய ஊரில் இடம் இல்லை. "குப்பை மேட்டைத் தூக்கு!" என்று முடிவு செய்தார்கள். ஆற்றோரமாக 5 கிலோ மீட்டர் நீளம், 340 ஹெக்டேர் நிலம் சீரமைக்கப்பட்டது.

1998 மே 22-ந் தேதி கண்காட்சி திறந்தது. செப்டம்பர் 30-ந் தேதி வரை நடந்தது. சுமார் 1 கோடிப் பேர் வந்து பார்த்தார்கள். பல நாடுகளில் கண்காட்சி முடிந்தால் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டு, புல் முளைக்க விட்டுவிடுவார்கள். லிஸ்பன்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. மண்டபங்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். சுற்றிலும் குடியிருப்புகளும் அலுவலகங்களும் எழுந்தன. எண்ணெய் ஆலையின் ஒரே ஒரு உருக்குக் கோபுரத்தை மட்டும் பழைய நினைவாக அப்படியே விட்டு வைத்தார்கள். இன்றும் அது பூங்காவின் தென் கோடியில் நிற்கிறது.

பாலத்தில் பந்தி

அந்த ஆண்டு மார்ச்சில் ஆற்றின் மேல் புதிய பாலமும் திறந்தது. அதற்கும் வாஸ்கோ ட காமா பெயர்தான். அணுகு சாலைகளையும் சேர்த்தால் சுமார் 17 கிலோ மீட்டர் நீளம்! பாலத்தைத் திறப்பதற்குச் சில நாள் முன்பு, அதன் மேல் நீள மேஜை போட்டு ஏறக்குறைய 15,000 பேருக்கு விருந்து வைத்தார்கள். அவரையும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த "பெய்ஜோவாடா" என்ற நாட்டுச் சாப்பாடு. கலியாணப் பந்தி பார்த்த நமக்கே அது மலைப்பாக இருக்கும்.

வாஸ்கோ ட காமா என்ற பெயர் நமக்கு அவ்வளவு இனிமையான பெயர் அல்ல. 1498-ல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியவர், 1502-ல் மறுபடி வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களின் கப்பலைப் பிடித்து, நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தவர். லிஸ்பனில் அவர் பெயர் பாலத்திலும் இருக்கிறது, கோபுரத்திலும் இருக்கிறது, கடைத் தொகுதியிலும் இருக்கிறது. அங்கே போகிற இந்தியர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு போவதில் தவறு இல்லை.

பாய்மரக் கோபுரம்

கண்காட்சிக்காகக் கட்டிய வாஸ்கோ ட காமா கோபுரம் ஆற்றின் விளிம்பில் நிற்கிறது. உயரம் 145 மீட்டர். அந்தக் காலத்துக் கப்பலின் பாய் காற்றில் புடைத்து நிற்பது போன்ற உருக்குச் சட்டம் அதைத் தாங்கி நிற்கிறது. கண்காட்சியின்போது அதன் அடியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மண்டபம் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, கோபுரத்தின் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் ஒரு ஓட்டலைக் கட்டினார்கள். அதுதான் "மிரியாட்". 2012-ல் திறந்தது. 186 அறைகள்.

கோபுர உச்சியில் 2018-ல் ஒரு சாப்பாட்டு விடுதி திறந்தார்கள். அதன் பெயர் "ஐம்பது வினாடிகள்" என்ற பொருள் கொண்டது. லிப்டில் மேலே போய்ச் சேர அவ்வளவு நேரம்தான் ஆகுமாம்! அங்கே சாப்பிட்டால் பையின் கனமும் அவ்வளவு சீக்கிரத்தில் குறையும்.

இந்த ஓட்டலில் ஆடம்பரம் என்பது தங்க முலாம் பூசிய தூண்களில் இல்லை. ஜன்னலில் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர். தேஜோ ஆறு அந்த இடத்தில் கடல்போல் அகன்று கிடக்கிறது. மறு கரை ஒரு கோடாகத்தான் தெரியும். அதற்கு "வைக்கோல் கடல்" என்று பெயர். கப்பல், பாலம், பறவை என்று பார்த்துக்கொண்டே ஒரு பொழுதைக் கழிக்கலாம்.

பழைய ஊரில் ஆறு தெற்கே இருக்கிறது. இங்கே ஆறு கிழக்கே இருக்கிறது. ஆகவே, காலையில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து நேராகக் கட்டிலுக்கே வருவான். கிழக்கு பார்த்த வீடு தேடுகிற நம்மவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தாமதமாகத் தூங்கி எழுகிறவர்கள் மட்டும் திரைச்சீலை கனமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழோடு ஒரு உறவு

அந்த அறையில் நிற்கும் தமிழர், தமக்குத் தெரியாமலே லிஸ்பன் மொழி பேசிக்கொண்டிருப்பார். எப்படி?

"ஜன்னல்" என்கிறோமே, அது போர்ச்சுக்கீசியரின் "ஜனேலா". கதவைத் திறக்கும் "சாவி", அவர்களுடைய "ஷாவ்". "மேஜை", அவர்களுடைய "மேசா". துணி வைக்கும் "அலமாரி", அவர்களுடைய "அர்மாரியோ". ஓட்டல் அறையில் கண்ணில் படும் சாமான்களில் பாதிக்கு அவர்கள் கொடுத்த பெயரைத்தான் நாம் சொல்கிறோம்!

இன்னொரு உறவும் உண்டு. தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் பிறந்த ஊர் சென்னை அல்ல, தரங்கம்பாடியும் அல்ல. லிஸ்பன்தான்! 1554-ல், கிறிஸ்தவ சமய போதனைகளைத் தமிழில் சொல்லி, ஆனால் ரோமன் எழுத்தில் கோத்து, அங்கே அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான புத்தகம் அதற்குப் பிறகுதான், 1578-ல் கொல்லத்தில் வந்தது.

போக வர எவ்வளவு நேரம்?

"எல்லாம் சரி. ஊரை விட்டு இவ்வளவு தூரம் போய்த் தங்கினால், ஊரைப் பார்ப்பது எப்போது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

பேட்டையின் நடுவில் "ஓரியந்த்" என்ற பெரிய ரெயில் நிலையம் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் சான்டியாகோ கலத்ராவா அமைத்தது. கூரையைப் பார்த்தால் வரிசையாகப் பனை மரம் நிற்பதுபோல் இருக்கும். கீழே சுரங்க ரெயில். மேலே நாட்டின் நெடுந்தூர ரெயில்கள். வடக்கே போர்ட்டோ நகருக்குப் போகிறவர் இங்கேயே ஏறிக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.

விமான நிலையத்திலிருந்து சுரங்க ரெயிலில் மூன்றாவது நிறுத்தம் ஓரியந்த். நள்ளிரவில் இறங்கி, விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

பழைய ஊருக்குப் போக இரண்டு வழி உண்டு. முதல் வழி, சிவப்புத் தடத்தில் ஏறி ஆறாவது நிறுத்தமான அலமேடாவில் இறங்கி, பச்சைத் தடத்துக்கு மாறி, ஐந்தாவது நிறுத்தமான ரோசியோவில் இறங்குவது. ஊரின் நெஞ்சுப் பகுதி அது. இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. ஓரியந்த் நிலையத்திலேயே சாதாரண ரெயிலில் ஏறி "சான்டா அப்போலோனியா" நிலையத்தில் இறங்கவேண்டும். பத்து நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்தால் எதிரே அல்பாமாவின் முதல் படி!

ஒன்றை மறக்கக்கூடாது. மிரியாட் ஓட்டலிலிருந்து ஓரியந்த் நிலையத்துக்குச் சுமார் கால் மணி நேரம் நடக்கவேண்டும். சுரங்க ரெயில் இரவு 1 மணிக்கு நின்றுவிடும். பாடோ கேட்டு மயங்கி உட்கார்ந்துவிட்டால், வாடகைக் காருக்குக் காசு கொடுக்கவேண்டியதுதான்.

இழப்பு என்ன?

ஆற்றங்கரையில் தங்குகிறவர் இழப்பது ஒன்றே ஒன்று. ஆனால், அது சின்ன விஷயம் அல்ல. அதிகாலையையும் பின்னிரவையும் அவர் இழக்கிறார்.

பழைய ஊருக்கு இரண்டு முகங்கள் உண்டு. காலை பத்து மணி முதல் இரவு வரை அது உல்லாசப் பயணிகளின் ஊர். 28-ம் எண் டிராம் வண்டியில் ஏற நீண்ட வரிசை நிற்கும். கோட்டைக்கு வரிசை, காப்பிக்கு வரிசை. ஆனால், காலை ஏழு மணிக்கு அது ஊர்க்காரர்களின் ஊர். ரொட்டிக் கடை திறக்கும் சத்தம், ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இந்த முகத்தைக் காண அங்கேயே படுத்து எழுந்திருக்க வேண்டும். அல்லது விடியும்போதே ரெயில் பிடிக்கவேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அது ஓட்டலுக்கு உள்ளேயே இருக்கிறது. நீச்சல் குளம், மசாஜ் அறை, ஆற்றோரப் பலகாரம் என்று சௌகரியம் கூடக்கூட, வெளியே கிளம்பும் மனம் குறையும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். பக்கத்திலேயே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்ட பெரிய தொட்டியில் சுறாவும் திருக்கை மீனும் நீந்தும் கடல் காட்சிச் சாலை இருக்கிறது. அதைப் பார்ப்பதில் ஒரு நாள் போய்விடும். கடைத் தொகுதியில் இன்னொரு நாள். மூன்றாம் நாள் விமானம்! லிஸ்பன் போய்வந்தவர் லிஸ்பனைப் பார்க்காமலே திரும்பியிருப்பார். இப்படிப்பட்ட பேட்டை சிங்கப்பூரிலும் உண்டு, துபாயிலும் உண்டு. அதைப் பார்க்க அட்லாண்டிக் கரை வரை போகவேண்டியதில்லை.

காலியாகும் வீடுகள்

இனி, பிரயாணிக்கு வெளியே உள்ள ஒரு விஷயம்.

பழைய ஊரில் தங்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் ஓட்டலில் தங்குவதில்லை. பலர் வீட்டை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு, மாத வாடகை தரும் கிழவியைவிட நாள் வாடகை தரும் பயணியால் லாபம் அதிகம். ஆகவே, குத்தகை முடிந்ததும் கிழவிக்கு வீடு இல்லை. அவரோடு எதிர்வீட்டுப் பேச்சும் போயிற்று, ஜன்னலில் உலர்ந்த துணியும் போயிற்று. அவர் சாமான் வாங்கிய மளிகைக் கடையும் போயிற்று. அந்த இடத்தில் நினைவுப் பொருள் விற்கும் கடை வருகிறது.

எதைப் பார்க்க வந்தார்களோ, அதைப் பார்க்க வந்தவர்களே இடம்பெயர்த்துவிட்டார்கள்!

லிஸ்பன் மாநகராட்சி இதைப் பார்த்துப் பதறியது. 2018 நவம்பரில், அல்பாமா, மொராரியா முதலிய பழைய பகுதிகளில் புதிதாக நாள் வாடகை வீடுகளுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. 2024 செப்டம்பர் முதல், தங்கும் பயணி ஒவ்வொருவரும் இரவுக்குக் கட்டவேண்டிய வரியை 2 யூரோவிலிருந்து 4 யூரோவாக உயர்த்தியது. ஆனால், போன குடும்பங்கள் திரும்பி வருவது அத்தனை சுலபம் அல்ல.

இந்தக் கோணத்தில் பார்த்தால், குப்பை மேட்டின் மீது எழுந்த ஓட்டலில் தங்குவது கௌரவமான தேர்வாகவே தோன்றும். அங்கே படுக்கிறவர் எந்தப் பாட்டியின் கட்டிலிலும் படுக்கவில்லை. இது ஒன்றும் தியாகம் அல்ல, சொகுசாகத்தான் படுக்கிறார். ஆனால், அந்தச் சொகுசால் அல்பாமாவில் ஒரு விளக்கு அணையாமல் இருக்கலாம்.

தண்ணீருக்கு அருகில்

ஆற்றங்கரை என்றதும் ஒரு பழைய துயரத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது.

1755 நவம்பர் 1-ந் தேதி. கிறிஸ்தவர்களின் புனிதர் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்தன. பூமி குலுங்கியது. கோபுரங்கள் சரிந்தன. தப்பியவர்கள், "திறந்த வெளியே பாதுகாப்பு" என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே அதிசயம்போல் தண்ணீர் உள்வாங்கி, ஆற்றின் அடி மண் தெரிந்தது. பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அலை வந்தது. 2004 டிசம்பரில் நம் கரையில் நடந்ததை நாம் அறிவோம், அதே கதைதான். அலைக்குப் பின் தீ. பல்லாயிரம் உயிர் போயிற்று.

பாறைக் குன்றின் மேல் இருந்த அல்பாமாவின் பெரும்பகுதி நின்றது. தாழ்வான நடு ஊர் அழிந்தது. பின்னால் மார்க்கிஸ் பொம்பால் என்ற அமைச்சர் நேர் நேரான தெருக்களோடு அதைத் திரும்பக் கட்டினார். பூகம்பம் தாங்குவதற்காகச் சுவருக்குள் மரக் கூண்டு வைத்துக் கட்டினார்கள்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. 2024 ஆகஸ்டிலும் 5.3 அளவுள்ள அதிர்ச்சி லிஸ்பனை எழுப்பியது. பெரிய சேதம் இல்லை. ஆனால், தண்ணீருக்கு அருகில் தங்குகிறவர் எவரும், எந்த ஊராயினும், ஒரு விதியை நினைவில் வைக்கவேண்டும். நிலம் நீண்ட நேரம் குலுங்கினால் கரைக்கு ஓடாதே, மேட்டுக்கு ஓடு. ஓட்டலில் நுழைந்ததும், அவசர வழி எது என்று ஒரு தடவை பார்த்து வைப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

ஆற்றங்கரை ஓட்டலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில:

"ஆறு தெரியும் அறை" என்றால், கட்டிலில் இருந்தே தெரியுமா, அல்லது பால்கனியில் கழுத்தை வளைத்தால் தெரியுமா? தேஜோவில் கடல் அலையின் ஏற்ற இறக்கம் உண்டு. வற்றும் நேரத்தில் கரையோரம் சேறு தெரியும் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள்.

நீங்கள் போகும் வாரத்தில் அந்தப் பேட்டையில் பெரிய மாநாடு ஏதாவது உண்டா? கம்ப்யூட்டர்த் தொழில்காரர்களின் "வெப் சம்மிட்" மாநாடு 2016 முதல் அங்கே நவம்பரில் நடந்து வருகிறது. அந்த வாரத்தில் அறை வாடகை எகிறும்.

காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்ந்ததா? சைவ உணவுக்காரர் என்றால் இந்தக் கேள்வி முக்கியம். போர்ச்சுக்கீசியருக்கு மீன் இல்லாமல் நாள் போகாது. நம் ஊர்க் காரத்துக்கு நாக்கு ஏங்கினால், பச்சைத் தடத்தில் ரோசியோவுக்கு முந்திய நிறுத்தமான மார்ட்டிம் மொனிசில் இறங்குங்கள். இந்தியா, வங்காள தேசம் முதலிய நாட்டினரின் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

தண்ணீர்க் கரையும் வேண்டும், பழைய சின்னங்களும் பக்கத்தில் வேண்டும் என்கிறவர்கள் மேற்கே பெலெம் பகுதியையும் யோசிக்கலாம். 1501-ல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமஸ் மடம் அங்கே இருக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அதில்தான். படகுத் துறையை ஒட்டி, 2009-ல் திறந்த நவீன ஓட்டலும் உண்டு. 1837 முதல் சுடச்சுட முட்டைப் பணியாரம் விற்கும் கடையும் உண்டு.

யாருக்கு எது?

முதல் தடவை போகிற வாலிபர், கையில் ஒரே ஒரு பை, மூன்றே நாள் என்றால், பழைய ஊரிலேயே ஒரு சின்ன ஓட்டலில் தங்கலாம். நாள் வாடகை வீட்டைவிட அது மேல். படி ஏற வலு இருக்கும்போது ஏறிவிட வேண்டும்.

வயதானவர்களோடு போகிறவர், குழந்தைகளோடு போகிறவர், வேலையாகப் போய் இரண்டு நாள் இளைப்பாற நினைக்கிறவர், ஏற்கெனவே ஒரு தடவை லிஸ்பனைப் பார்த்தவர் ஆகியோருக்கு ஆற்றங்கரைதான் சரி. நாள் முழுவதும் கூட்டத்திலும் வெயிலிலும் சுற்றிவிட்டு, இரவில் அகன்ற தண்ணீருக்கு முன்னால் வந்து உட்காரும் சுகம் காசு கொடுத்தாலும் நடு ஊரில் கிடைக்காது.

ஆனால், அவர்கள் தமக்குத் தாமே ஒரு நிபந்தனை போட்டுக்கொள்ள வேண்டும். சூரியன் ஆற்றிலிருந்து எழுந்து ஜன்னலைத் தட்டும்போது, திரையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுக்கக்கூடாது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். ரெயிலில் பத்தே நிமிடம். ரொட்டிக் கடை திறப்பதற்குள் அல்பாமாவுக்குப் போய்விடலாம்.